நம்பர் மேல் சந்தனம்

கிள்ளானில் எந்த ரவுடிக்கும் பயப்படாத பழைய கார் வியாபாரிகள், சட்டைப் பையில் டூத்பிரஷ் வைத்திருந்த ஒரு ஒல்லி மனிதரைப் பார்த்து ஷட்டரை இறக்கியிருக்கிறார்கள். இதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே, "இன்னிக்கு கடை லீவு லா, அண்ணே" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஷட்டர் அடியில் முதலாளியின் செருப்புக் கால் தெரியும்.

அவர் பெயர் டூத்பிரஷ் அண்ணன். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. இத்தனை வருடப் பழக்கத்தில் கேட்கத் தோன்றவில்லை. அவரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டாக்டர், குப்பை லோரி டிரைவர், கோயில் குருக்கள், எல்லோரும் அவருக்கு "பாஸ்"தான்.

அவர் பையில் இருந்தது ஒரு பிரஷ் இல்லை, இரண்டு. ஒன்று கார் நம்பர் தேய்க்க, ஒன்று பல் தேய்க்க. எது எதற்கு என்பது அவருக்கு மட்டும் தெரியும். அவருக்கும் சில நாள் தெரியாது என்று நினைக்கிறேன். ஒருநாள் காலையில் சாப்பாட்டுக் கடைக் குழாயடியில் பல் தேய்த்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். மீசையில் கறுப்பு கிரீஸ் ஒட்டியிருந்தது. நான் சொல்லவில்லை. அப்போது எனக்கு அவரைப் பிடிக்காது.

அவர் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நமக்கு அடையாள அட்டையில் ஐசி நம்பர் இருப்பது போல ஒவ்வொரு காருக்கும் ஒரு சேசி நம்பர் உண்டு. அந்தக் காலத்துக் கார்களில் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சுவரில் தொழிற்சாலையிலேயே குத்தியிருப்பார்கள். கார் வாங்கினால் கையில் வரும் உரிமைப் பத்திரத்தை நாம் கிராண்ட் என்கிறோம். அதில் இருக்கும் நம்பரும் காரில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவனுக்கு இதுதான் உயிர். சாதாரண மாடலுக்கும் ஸ்போர்ட்ஸ் மாடலுக்கும் வெளியே ஒரே உடம்பு. நம்பருக்கு முன்னால் இருக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த எழுத்து இருந்தால் விலை மூன்று மடங்கு. அதனால் ஓட்டை உடைசலான ஸ்போர்ட்ஸ் காரின் நம்பரைத் துண்டாக வெட்டி, சாதாரணக் காரில் வைத்து வெல்டிங் அடித்து, பெயிண்ட் பூசி விற்கிற அயோக்கியர்கள் இருக்கிறார்கள்.

டூத்பிரஷ் அண்ணன் மண்ணெண்ணெய் தொட்டு நம்பரைத் தேய்ப்பார். டார்ச் அடிப்பார். காந்தத்தை ஒட்டிப் பார்ப்பார், உள்ளே இரும்பா, பள்ளம் அடைக்கிற பட்டியா என்று. கடைசியில் மெல்லிய தாளை நம்பர் மேல் வைத்துப் பென்சிலால் உரசுவார். நம்பர் அப்படியே தாளில் ஏறிவிடும். அதை வீட்டில் பள்ளிக்கூட நோட்டில் ஒட்டிவைப்பார். கூலி ஒரு தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய டீ. அதுவும் சீனி கம்மி.

நம்பரைச் சத்தமாகப் படிக்கமாட்டார். வாங்குகிறவர் காதில் மட்டும் சொல்வார். காரணம் நம் ஆட்கள். சத்தமாகப் படித்தால் சுற்றி நிற்கிறவன் எல்லாம் கடைசி நாலு நம்பரைக் கையில் எழுதிக்கொண்டு நாலு நம்பர் லாட்டரிக் கடைக்கு ஓடுவான். ஒருமுறை ஒரு போலி காரின் நம்பருக்கு முதல் பரிசே விழுந்துவிட்டது. காரை விற்கவந்தவன் போலீசில் இருந்தான். வேடிக்கை பார்க்கவந்தவன் வீட்டுக்குக் கூரை மாற்றினான்.

கார் கிடைக்காத நாளில் அவரால் சும்மா இருக்க முடியாது. சமையல் கேஸ் தோம்பைத் திருப்பி நம்பர் தேடுவார், கடை கிரைண்டரின் அடியில் டார்ச் அடிப்பார். காப்பாரில் ஒரு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் ஐசியைக் கேட்டு வாங்கிவிட்டார்.

"பாஸ், எங்க பொறந்தீங்க?"

"காப்பார்தாண்ணே."

"நடு நம்பர் எட்டுன்னு இருக்கே. எட்டுன்னா பேராக்ல பொறந்தது. காப்பார்னா பத்து வரணும்."

மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள். பெண்ணின் மாமா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். விசாரித்தால், மாப்பிள்ளையின் அம்மா பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு, பேராக்கில் இருக்கும் தைப்பிங்குக்குப் போயிருக்கிறார். அவ்வளவுதான். டூத்பிரஷ் அண்ணன் ஐசியைத் திருப்பிக் கொடுத்து, "ஒரிஜினல்தான், பயப்படாம குடுங்க" என்றார். அந்தக் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை.

இனி நான் செய்த ஈனக் காரியத்துக்கு வருகிறேன்.

என்னிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. எழுபதுகளில் ஜப்பானில் செய்தது, இரண்டு கதவு, நீண்ட மூக்கு. காஜாங்கில் ஒரு பட்டறையில் வாங்கினேன். அப்போதே பலர் சொன்னார்கள், டூத்பிரஷைக் கூட்டிக்கொண்டு போ என்று. பல் தேய்க்கிறவனுக்குக் கார் என்ன தெரியும் என்றேன். பத்து வருடம் அதைப் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடை வாசலில் நிறுத்தி, பார்க்கிறவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். பிறகு ஒருநாள் மறுபடி பெயிண்ட் அடிக்கப் பழைய பெயிண்டைச் சுரண்டியபோது, நம்பரைச் சுற்றி நாலு பக்கமும் வெல்டிங் கோடு தெரிந்தது. தபால்தலை ஒட்டினது மாதிரி. அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பெயிண்ட் அடிக்கிறவனுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்து மேலே நன்றாகப் பூசச் சொன்னேன். என்னை ஒருத்தன் ஏமாற்றினான், நான் இன்னொருத்தனை ஏமாற்றினால் கணக்கு சரி. அப்படித்தான் என் மூளை வேலை செய்தது.

அந்த இன்னொருத்தர் கேரித் தீவிலிருந்து வந்தார். செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு அங்கிள். அந்தத் தோட்டத்துப் பழைய மேனேஜரிடம் இதே மாதிரி கார் இருந்ததாம். வாராவாரம் அதை இவர் கழுவுவாராம். உள்ளே உட்கார ஒருநாளும் விட்டதில்லையாம். சேமநிதிப் பணம் வந்ததும் வீட்டுக்கு ஓடு மாற்றாமல் என் காருக்கு வந்தார். வருவதற்கு முந்தின நாள் போன் செய்தார்.

"தம்பி, தப்பா நெனச்சிக்காதீங்க. டூத்பிரஷ்னு ஒருத்தர் இருக்காராமே, அவரையும் கூட்டிக்கிட்டு வரேன். எம்மவ ஒரே பிடிவாதமா நிக்கிறா."

"தாராளமா கூட்டிக்கிட்டு வாங்க அங்கிள்" என்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து யோசனை வந்தது. டூத்பிரஷ் எதை வேண்டுமானாலும் தேய்ப்பார். சாமி பொட்டைத் தேய்ப்பாரா? நம்மில் எவன் தேய்ப்பான்? பூஜை அறையிலிருந்து சந்தனத்தை எடுத்துக் குழைத்து, நம்பர் மேல் தோசை மாவு மாதிரி அப்பினேன். நடுவில் குங்குமம். மேலே ஒரு கதம்பச் சரம். பார்க்கவே பக்தியாக இருந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிறு காலை அங்கிள் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றினார். கையில் ஒரு வாளி நிறைய நண்டு, "வெறுங்கையோட வரக்கூடாதுல்ல தம்பி" என்று. பின்னாலேயே டூத்பிரஷ் அண்ணன். பானெட்டைத் திறந்தேன். அண்ணன் டார்ச் அடித்தார். சந்தனத்தைப் பார்த்தார். டார்ச்சை அணைத்தார். பிறகு காரை ஒருமுறை மெதுவாகச் சுற்றிவந்தார்.

"பாஸ், பூஜை போட்டீங்களா?"

"வாராவாரம் போடுவேண்ணே."

"காருக்கா, நம்பருக்கா?"

"காருக்குத்தாண்ணே."

"டயருக்கு பொட்டு இல்லையே."

"மழையில கரைஞ்சிருக்கும்."

"ஸ்டியரிங்குக்கும் இல்ல. உள்ளயும் மழையா?"

அந்த நேரம் பார்த்து என் மனைவி தேநீர்த் தட்டோடு வந்தார். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு எப்பங்க பூஜை போட்டீங்க? சந்தன டப்பா காலியா கெடக்கு. பூனை தட்டிவிட்டுருச்சோன்னு காலையிலேர்ந்து தேடுறேன்."

வாளிக்குள் நண்டுகள் மட்டும் சுரண்டிக்கொண்டிருந்தன. கடைசியில் பேசியது அங்கிள்தான்.

"விடுங்கண்ணே. சாமி பொட்டு, அழிக்க வேணாம். தம்பி மொகத்தப் பாத்தா பொய் சொல்றவர் மாதிரியா இருக்கு? நான் வாங்கிக்கிறேன்."

சட்டைக்குள்ளிருந்து கவரை எடுத்துவிட்டார். தடித்த கவர். பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் போட்டு வைத்திருந்தார். நான் கையை நீட்டினால் போதும்.

டூத்பிரஷ் அண்ணன் கவரைப் பார்க்கவில்லை. பையிலிருந்து பிரஷை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பொட்டு வச்ச எடத்த நான் தொடமாட்டேன் பாஸ். சாமி உங்களோடது. நீங்க துடைங்க, நான் படிக்கிறேன்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அங்கிள் என் பக்கம்தான் நின்றார். மனசாட்சி உறுத்தியது, அதனால் பிரஷை வாங்கினேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. தட்டைப் பிடித்துக்கொண்டு என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிரஷை வாங்கினேன். தேய்த்தேன். சந்தனம் லேசில் போகவில்லை, அவ்வளவு அப்பியிருந்தேன். பூச்சரம் எஞ்சினுக்குள் விழுந்தது. மண்ணெண்ணெய், சந்தனம், வியர்வை, எல்லாம் சேர்ந்து ஒரு வாடை.

அண்ணன் குனிந்தார். காந்தத்தை வைத்தார். ஓரத்தில் ஒட்டாமல் வழுக்கியது. நகத்தால் நாலு பக்கமும் ஒரு கோடு இழுத்தார். நிமிர்ந்தார்.

"அங்கிள், நம்பர் கிராண்டோட ஒத்துப்போகுது. ஆனா இந்த நம்பர் இந்தக் காரோடது இல்ல. வேற கார்ல வெட்டி ஒட்டியிருக்கு. வாங்காதீங்க. ரோட்டுல புடிச்சா உங்களத்தான் கேப்பாங்க."

அங்கிள் மெதுவாக என் பக்கம் திரும்பினார். வரப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். தரையைப் பார்த்தேன்.

"பாஸ ஏன் பாக்குறீங்க?" என்றார் டூத்பிரஷ் அண்ணன். "அவரையே எவனோ நல்லா சாத்தியிருக்கான். தெரிஞ்சிருந்தா அவரே துடைப்பாரா?"

அங்கிளின் முகம் மாறியது. அருகில் வந்து என் தோளில் கைவைத்தார். "அடப்பாவமே. எத்தன வருசமா ஆசையா வச்சிருந்தீங்க. போகுது விடுங்க தம்பி, நல்லவங்களத்தான் ஏமாத்துவானுங்க." போகும்போது நண்டு வாளியை எடுக்கவில்லை. "நீங்க வச்சிக்குங்க, மனசு சரியில்லாம இருப்பீங்க" என்றார். எவனாவது என்னைச் செருப்பால் அடித்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

மதியம் என் மனைவி அத்தனை நண்டையும் குழம்பு வைத்து, அத்தனையையும் என் தட்டில் போட்டார். "சாப்பிடுங்க. உங்களுக்குத்தானே குடுத்துட்டுப் போனாரு." அவர் ரசம் ஊற்றிக்கொண்டார்.

அதற்கு முன், அங்கிள் போனதும், டூத்பிரஷ் அண்ணன் என் வீட்டுக் குழாயில் பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"எனக்குத் தெரியாதுன்னு."

"தெரியுமா?"

நான் குழாயை இறுக்கி மூடினேன்.

"தெரியும்னா இப்பவே சொல்லிடலாம் பாஸ். அங்கிள் இன்னும் சிக்னல்கூட தாண்டியிருக்கமாட்டாரு."

அப்போதும் சொல்லவில்லை. பேப்பரில் பெரிய மனிதன் மாதிரி எழுதுகிறேனே, அந்த நான்தான் அங்கே ஊமையாக நின்றேன். அண்ணன் பிரஷை உதறிப் பையில் போட்டார். "சந்தனம் நல்ல சந்தனம்" என்றார். "நாளைக்கு ஒம்போது மணிக்கு ரெடியா இருங்க. காரை போலீஸ்ல ஒப்படைச்சிட்டு வருவோம்."

மறுநாள் வந்தார். காலையிலிருந்து மாலைவரை கவுண்டர் கவுண்டராக என்னோடு நின்றார். காத்திருந்த நேரத்தில் அந்த ஆபீஸ் ஏர்கோனின் நம்பரையும் சரிபார்த்தார். போலீஸ்காரர்கள் காஜாங் பட்டறையைத் தேடிப் போனார்கள், அங்கே இப்போது நாய்க்குட்டி விற்கிறார்கள். கார் போய்விட்டது. அது எனக்குப் பெரிய நஷ்டம், ஆனால் அதைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

கேரித் தீவு அங்கிள் ஒவ்வொரு தீபாவளிக்கும் போன் செய்கிறார். "அந்தக் களவாணிப் பயல புடிச்சாங்களா தம்பி?" என்று தவறாமல் கேட்கிறார். இல்லை அங்கிள் என்று சொல்லிவந்தேன். அவர் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர். இந்த வாரமும் வாங்குவார். அங்கிள், களவாணி நான்தான். நம்பரை வெட்டி ஒட்டினது வேறு ஆள், சந்தனம் அப்பினது நான். தெரிந்துதான் அப்பினேன்.

டூத்பிரஷ் அண்ணனுக்கு இப்போது கண் சரியில்லை. கண்ணாடி போட்டும் சின்ன எழுத்து தெரிவதில்லை. எவராவது கூப்பிட்டால் நான்தான் காரில் ஏற்றிக்கொண்டு போகிறேன். அவர் டார்ச் பிடிக்கிறார், நான் தேய்த்து நம்பரைப் படிக்கிறேன். வேறு ஆள் படித்தால் இரண்டு தடவை கேட்பார், விரலால் தடவிப் பார்ப்பார். நான் படித்தால் ஒரு தடவையிலேயே தாளில் எழுதிக்கொள்கிறார்.

அது எனக்குத் தாங்குவதில்லை. "இருங்கண்ணே" என்று சொல்லி, அவர் கேட்காமலேயே இன்னொரு தடவை படிக்கிறேன்.