பெரிய பிரபுவின் நாற்காலி

காவலாளி காலையில் கூடத்தைத் திறந்தபோது பெரிய பிரபுவைக் காணவில்லை. மேலங்கியும் தலைப்பாகையும் நாற்காலியில் அப்படியே கிடந்தன. அவற்றைப் போட்டிருந்த மெழுகுப் பொம்மை மட்டும் போன இடம் தெரியவில்லை.

காவலாளி வேலைக்குப் புதுசு. சேர்ந்து நாலே நாள். ஏற்கெனவே மூன்று வேலைகளைத் தொலைத்த மகானுபாவர். இதுவும் போனால் வீட்டில் எந்த முகத்தோடு நுழைவது?

வட்டாரத்துப் பிரபுக் குடும்பங்களின் பெருமை அழியக்கூடாதென்று, அவர்கள் மாளிகையையே வாங்கி அருங்காட்சியகமாக்கியவர் முதலாளி. தினமும் ஒன்பதரைக்கு வந்து ஒவ்வொரு பொம்மைக்கும் வணக்கம் சொன்ன பிறகுதான் காபியே குடிப்பார்.

காவலாளி மனைவிக்குப் போன் போட்டார். "பொம்மையைக் காணோம். இப்ப என்ன பண்றது?"

"வீட்ல சும்மா உக்கார்றீங்கல்ல, அதையே அந்த நாற்காலியிலயும் செய்ங்க. முதலாளி போனதும் தேடிக்கலாம்."

மேலங்கி அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. கழுத்துப்பட்டி மட்டும் வியர்வையில் நனைந்திருந்தது. மெழுகுக்கு ஏது வியர்வை என்று யோசிப்பதற்குள் முதலாளி வந்துவிட்டார். கூடவே கண்ணாடி பொருத்துகிறவரும் வந்தார்.

"வணக்கம் பிரபு. முகம் இன்னிக்குத் தெளிவா இருக்கே." முதலாளி அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

காவலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டார். பாழாய்ப்போன தலைப்பாகைத் தூசி மூக்கில் ஏறியது. எவ்வளவோ அடக்கியும் பாதித் தும்மல் வெளியே வந்துவிட்டது.

"தூசி ஒத்துக்கல போல. பிரபுவைப் பெட்டிக்குள்ள வச்சிடுங்க," என்றார் முதலாளி நிதானமாக.

மூன்று பக்கமும் கண்ணாடி எழும்பியது. எதிரே பெட்டிகளில் பிரபுவின் தம்பியும் மைத்துனரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையில் ஏனோ இரக்கம் தெரிந்தது. நாலாவது கண்ணாடியும் வந்ததும் காவலாளி வாயைத் திறந்துவிட்டார். வேலையாவது மண்ணாவது!

"ஐயா, நான் பொம்மை இல்ல. காவலாளி. தெரியாம உக்காந்துட்டேன், விட்டுடுங்க."

முதலாளி திடுக்கிடவில்லை. தம்பி பிரபுவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

"அண்ணே, நீங்களாவது அவர்கிட்ட சொல்லுங்கண்ணே," என்று காவலாளி கண்ணாடியைத் தட்டினார்.

கண்ணாடிக்காரர் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டே சொன்னார்: "பதறாதீங்க. உக்கார்ற அன்னிக்கு எல்லா பிரபுவும் இதைத்தான் சொல்றாங்க."