பேட்டனைக் கொடுக்காத அறைத்தோழி

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் முழங்காலும் கணுக்காலும் நலம். மற்ற பாகங்களைப் பற்றிக் கேட்க வேண்டாம். அங்கே உங்கள் நலமும் அத்தையின் நலமும் அறிய ஆவல். போனில் பேசினால் அம்மா காதில் விழும் என்பதால் கடிதம்.

'ஒரு பருவம் வெளிநாட்டில் படித்தால் பெண்ணுக்குப் பொறுப்பு வரும்' என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்தவர் நீங்கள். ஆகவே என்னைத் திரும்பக் கூட்டிக்கொள்ளவும் நீங்கள்தான் பேச வேண்டும். பொறுப்பு வரவில்லை மாமா, பைத்தியம்தான் வருகிறது. அங்கே எங்கள் ரிலே அணியில் மூன்றாவதாக ஓடுகிறவள் நான். திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினால் போதும், எனக்கு முன்னால் ஓடும் குருவி ஓடிவந்து பேட்டன் குச்சியைக் கையில் வைப்பாள். இங்கே குருவியும் இல்லை, திட்டுவதற்குக் கேப்டன் அக்காவும் இல்லை. ஒரு நாள் காலை தெருவில் தனியாக ஓடும்போது பழக்க தோஷத்தில் கையை நீட்டிவிட்டேன். நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தவர் ஒன்றை வைத்துவிட்டார். அதையும் இறுகப் பிடித்துக்கொண்டு நூறு மீட்டர் ஓடிய பிறகுதான் படித்தேன், 'முடி கொட்டுகிறதா?' என்று கேட்டிருந்தது. நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதேன். முடிக்காக இல்லை.

இந்த லட்சணத்தில் விடுதிகளுக்கு இடையே ரிலே போட்டி வைத்தார்கள். விடுதியில் யார் வேண்டுமானாலும் ஓடலாம் என்றதும், சமையல்கார அக்காவையும், முதல் மாடிக்கே லிஃப்டில் போகும் என் அறைத்தோழியையும், கடைசியாக ஓட வார்டன் அம்மாவையும் பிடித்து இழுத்துவந்தேன். பயிற்சியில் அறைத்தோழி பேட்டனை, விருந்தாளிக்குத் தண்ணீர் தருவதுபோல நின்று இரண்டு கையாலும் நீட்டினாள். நிற்காதே, என்ன ஆனாலும் கீழே விடாதே என்று ஒரு வாரம் கத்தினேன். போட்டியன்று சமையல்கார அக்கா, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர்போல முதலாவதாக வந்து பேட்டனைக் கொடுத்தார். அறைத்தோழி வாங்கினாள், ஓடினாள், என் நீட்டிய கையைத் தாண்டிப் போயே போய்விட்டாள். அவள் பின்னால் நான் கத்திக்கொண்டு ஓட, என் பின்னால் வார்டன் அம்மா ஓட, பேட்டனை நெஞ்சோடு அணைத்தபடி அவளே முடிவுக் கோட்டைத் தாண்டினாள். எங்களை நீக்கிவிட்டார்கள். ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமா நீ அழுதுகிட்டே இருக்க. உனக்கும் சேத்து நானே ஓடிடலாம்னு பாத்தேன்" என்றாள், மூச்சு வாங்க.

திட்ட வாய் வரவில்லை மாமா. ஆனால் இவர்களோடு ஓடினால் என் ஓட்டமே கெட்டுவிடும். அங்கே என் இடத்தில் வேறொருத்தியை நிறுத்திப் பழக்குகிறார்களாம். உடனே அம்மாவிடம் பேசி டிக்கெட் எடுக்கச் சொல்லவும். அத்தைக்கு என் வணக்கம். மூட்டு வலியோடு படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்ட உங்கள் மருமகள்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வார்டன் அம்மா வந்தார். அடுத்த மாதப் போட்டிக்கும் பெயர் கொடுத்துவிட்டார்களாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, என் பெயருக்கு எதிரே கேப்டன் என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். மூன்று பேரும் மைதானத்தில் காத்திருக்கிறார்கள். நான் போகாவிட்டால் அவர்களை யார் திட்டுவது? அம்மாவிடம் எதுவும் பேச வேண்டாம். பாதிக் கடிதத்திலேயே போனைத் தூக்குகிறவர் நீங்கள். பேசிவிட்டிருந்தால், அது வேறு யாரோ மருமகள் என்று சொல்லிச் சமாளியுங்கள்.