கடிச்சானின் பல்செட்டு

போடியிலிருந்து போடிமெட்டு வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், எதையும் கடித்துப் பார்க்காமல் நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான் அகப்படுவார். அவருடைய நிஜப் பெயரைச் சீட்டில் எழுதியவளே நான்தான். ஆனாலும் கடிச்சான் என்றால்தான் எனக்கு ஆள் ஞாபகம் வரும்.

மெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் அவருக்கு ஏலக்காய் ஸ்டோரில் வேலை. பறித்த பச்சைக் காயைச் சூடு போட்டுக் காயவைக்கும் கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்பார்கள். காய்ந்ததா இல்லையா என்று ஒன்றை எடுத்துக் கடிப்பார். நறுக்கென்று உடைந்தால் நெருப்பை அணைக்கலாம், சவசவவென்று இருந்தால் இன்னும் விறகு வைக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் கல்யாண வீட்டுக் கரண்டி, செல்போன் கவர் எல்லாவற்றையும் கடிப்பார். நான் கொடுத்த பிளாஸ்டிக் டோக்கனையும் கடித்தார்.

"அண்ணே, கருமம்! ஊரே தொட்ட டோக்கன் அது!" என்று கத்தினேன்.

"கெட்டியாத்தான் இருக்கு தாயி" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

எங்களுடையது உள்ளூர்க்காரர்கள் கூடி நடத்தும் இலவசப் பல் கிளினிக். புதன்கிழமைதோறும் வெளியூர் பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து பயிற்சி டாக்டர்கள் வேனில் வந்து இறங்குவார்கள். டோக்கன் கொடுப்பதும் கூட்டத்தை அதட்டுவதும் என் வேலை. அதட்டுவதற்கு மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கடிச்சானுக்கு மேல் வரிசைப் பல் மொத்தமும் ஆடிக்கொண்டிருந்தது. பயிற்சிக்கு வந்த டாக்டர் பெண், "எல்லாத்தையும் எடுத்துட்டு பல்செட் வச்சுக்கலாம் ஐயா" என்றாள்.

"எடுத்துட்டா நான் எதைக் கொண்டு சோலி பாக்குறது? மொதலாளி இப்பவே வேற ஆளு தேடுறாரு!"

அது வெறும் பயம் இல்லை. பல்லைப் பிடுங்கி ஈறு ஆறுவதற்குள் முதலாளி வேறொருவரை ஸ்டோரில் உட்காரவைத்துவிட்டார். இந்தப் பறிப்பு முடிவதற்குள் பல்லோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் அந்த ஆளே நிரந்தரம் என்று சொல்லியும் அனுப்பிவிட்டார்.

அளவு எடுக்க வாயில் பசையை வைத்தபோது, "கொஞ்ச நேரம் ஆடாம இருங்க" என்றாள் அந்தப் பெண். இவர் அதையும் மென்று பார்த்துவிட்டு, "புதினா வாசம் போட்டிருக்கீங்க. பழைய சரக்கு" என்றார். மறுபடி பசை குழைத்தார்கள். அடுத்த வாரம் மெழுகில் மாதிரி செய்து வாயில் வைத்தார்கள். அதை ஒரே கடியில் இரண்டாக்கினார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன், சிரிப்பை அடக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒருவழியாகப் பல்செட் வந்தது. கண்ணாடியில் பார்த்துப் புது மாப்பிள்ளை மாதிரி இளித்தார்.

"ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டு வைங்க ஐயா."

"தண்ணியிலயா? பூசணம் புடிச்சுப்போகுமே!"

"பிடிக்காது ஐயா."

காலமெல்லாம் ஈரத்தை விரட்டியே சோறு தின்ற மனிதர் அதைக் கேட்பாரா? அடுத்த புதன்கிழமை கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். பல்செட் பொரித்த அப்பளமாய் வளைந்து கிடந்தது. பழைய பாசத்தில் ஸ்டோருக்குப் போனவர், முதலாளியிடம் காட்டுவதற்கு முன்னால் கழுவின பல்செட்டைப் பத்திரமாக ஏலக்காயோடு ஏலக்காயாகக் காயவைத்திருக்கிறார்!

"ஈரம் போகட்டும்னுதான் தாயி வச்சேன்" என்றார். மலையில் கடைசிப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண்ணுக்கு அன்றோடு போடியில் பயிற்சி முடிகிறது. 'இனி அடுத்த குழு பார்த்துக்கொள்ளும்' என்று கைகழுவியிருக்கலாம். மறுபடி அளவு எடுத்துக்கொண்டு வேனில் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை தன் கைக்காசில் பஸ்ஸேறி, புதுப் பல்செட்டோடு வந்து நின்றாள். லீவு நாளில் கிளினிக்கைத் திறக்கச் சொல்கிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டேதான் சாவியை எடுத்துப் போனேன்.

சேதி கேட்டு ஓடிவந்த கடிச்சான் பல்லை மாட்டினார். சட்டைப் பையிலிருந்து ஓர் ஏலக்காயை எடுத்தார். நறுக்!

கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் மென்றார். பிறகு முதலாளிக்கு போன் போட்டார்.

"அண்ணே, இன்னைக்கு ராத்திரி நெருப்ப நான் பாத்துக்கிறேன். அந்த ஆள எறக்கி விட்ருங்க."

அந்தப் பெண் அழுதேவிட்டாள். எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை.

"தண்ணியில போட்டு வைப்பீங்கதானே ஐயா?"

"எனக்கு இன்னும் புடிபடல தாயி. நீ சொல்ற, வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெரசா ஜீப்பைப் பிடிக்க ஓடினார்.

அடுத்த புதன்கிழமை அவர் வரவில்லை. வேலை திரும்பக் கிடைத்த மனிதருக்கு இங்கே என்ன சோலி? சந்தோஷம்தான். ஆனாலும் மெட்டிலிருந்து ஜீப்பு வந்து நிற்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து வாசலைப் பார்த்தேன். அன்றைக்குக் கூட்டம் அலைமோதியது. அப்படியும் கிளினிக் எனக்குச் சப்பென்றுதான் இருந்தது.