இமாமுக்கு ஒரு பிளெக்ஸ்

"வெறும் 'இமாம்'னு போட்டு வச்சிருக்க? மனுசனுக்கு மரியாதை வேணாமா?"

சின்ராசு போட்ட சத்தத்தில் பிளெக்ஸ் கடைக் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சிவரஞ்சனி காதைத் தடவிக்கொண்டாள்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. போன வாரம் போடிமெட்டுச் சாலையில் ஜீப்பு கவிழ்ந்து, ஏலத் தோட்டத்து வேலைக்குப் போன அவர் மகள் ரோஜா அடிபட்டுக் கிடந்தாள். அந்த வழியாக வந்த எதிர்வீட்டுப் பள்ளிவாசல் இமாம்தான் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, தன் ரத்தத்தையும் கொடுத்தார். இன்று ஐந்து மணிக்குத் தெருவில் அவருக்குப் பாராட்டு. பிளெக்ஸ் சரியில்லாவிட்டால் சின்ராசு தெருவில் தலை காட்ட முடியாது.

"இமாம்னாலே மரியாதைதாண்ணே. அரபில 'முன்னால'ங்கிற சொல்லுலருந்து வந்ததாம். தொழுகையில எல்லாருக்கும் முன்னால நிக்கிறவரு," என்று சிவரஞ்சனி போனைப் பார்த்துச் சொன்னாள்.

"பஸ்சுக்குக்கூடத்தான் நான் முன்னால நிக்கிறேன்! பெருசா ஏதாவது போடு ஆத்தா. 'அமீர்'னு போடு!"

அச்சாகி வந்ததும் சின்ன சந்தேகம். பலசரக்குக் கடை சிக்கந்தர் ராவுத்தருக்குப் போன் போட்டார்.

"அமீர்னா ஆணையிடுறவருப்பா. எங்க இமாம் வீட்டுப் பூனைக்குக்கூட ஆணையிட மாட்டாரு."

"அப்ப 'கலீஃபா' போடு, வெரசா!"

அதுவும் அச்சாகி வந்தது. மறுபடி போன்.

"கலீஃபான்னா பின்னால வந்தவருப்பா. நபிக்குப் பின்னால தலைமைக்கு வந்தவங்களோட பட்டம். அதையா போடுவ?"

"இவ முன்னாலங்கிறா, நீங்க பின்னாலங்கிறீங்க! நான் எங்குட்டுத்தான் போறது?"

வீம்புக்கு 'சுல்தான்' என்று போட்டு, பக்கத்தில் ஒரு வாளும் வைக்கச் சொல்லி, வாட்ஸப்பில் அனுப்பினார். ராவுத்தரே கூப்பிட்டார்.

"வாளைப் பிடிச்சுக்கிட்டா தொழ வைக்கிறாரு? இந்தக் கூத்துக்கு அவரு வரவே மாட்டாருய்யா!"

போன் துண்டானது. மணி நாலரை.

சின்ராசு மேசையில் ஓங்கி அடித்தார். "எம் பிள்ளைய உசுரோட தந்தவரு! ஆறு வருசமா எதுத்த வீட்டுல இருக்காரு. நோம்புக் கஞ்சி அனுப்பாத வருசம் உண்டா? அவருக்குப் பொருத்தமா ஒரு வார்த்த கெடைக்கலையே, சே! பழையபடி இமாம்னே போட்டுத் தொலை!"

சிவரஞ்சனி தட்டினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"போட்டாச்சுண்ணே. அதுக்குக் கீழ போட... அவரு பேரு என்னண்ணே?"