டாக்டர் இலாராவை நான் கொன்ற ஞாயிற்றுக்கிழமை

பெண் பார்க்கப் போன வீட்டில் நான் ஒரு டாக்டரைக் கொன்றிருக்கிறேன். கொன்றதைக்கூட அவர்கள் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே டாக்டருக்கு நானே உயிரும் கொடுத்தேன். அதைத்தான் அந்த வீட்டில் யாராலும் மன்னிக்க முடியவில்லை. (பாருங்கள், முதல் பத்தியிலேயே முடிவைச் சொல்லிவிட்டேன். இந்தப் புத்திதான் என்னைக் கெடுத்தது.)

செத்தவர் பெயர் டாக்டர் இலாரா. சனிக் கிரகத்துக்குப் பக்கத்தில் மிதக்கும் ஒரு விண்வெளி நிலையத்தில் வேலை. நிலையத்தின் பெயரும் தொடரின் பெயரும் ஒன்றுதான்: ஹார்பர் நைன். வாரம் ஒரு பகுதி, சனிக்கிழமை காலையில் செல்போனுக்கு வந்துவிடும். அப்போது எனக்குக் கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. வீடு மட்டாஞ்சேரியில். வேலை வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில். அதனால் நான் ஹார்பர் என்று பேசுவதெல்லாம் ஆபீஸ் விஷயம் என்று அம்மா ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாள். "ஹார்பர்ல பாதி பேர் காலி!" என்று நான் ஒருநாள் போனில் கத்தியதைக் கேட்டு, சாமி படத்துக்கு முன்னால் போய் விளக்கேற்றிவிட்டாள்.

மட்டாஞ்சேரியில் எங்களுக்கு ஒரு ரசிகர் குழு இருந்தது. படகுத்துறைப் பக்கம் ஒரு சாயாக்கடையில் கூடுவோம். மலையாளத்தில் தொடங்கி, தமிழில் சண்டை போட்டு, ஆங்கிலத்தில் உறவை முறித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். ஏசி மெக்கானிக் ஒருவர், நிலையத்தின் காற்றுக் குழாய்களைத் தப்பாகப் பொருத்தியிருக்கிறார்கள், எல்லோரும் மூச்சுத் திணறிச் சாகப்போகிறார்கள் என்று வாராவாரம் எச்சரித்து வந்தார். கடைக்காரச் சேட்டன் சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்பார்: "உங்களுக்கெல்லாம் வீட்டுல வேற பணியொண்ணும் இல்லையா மோனே?"

கடைக்கு வர முடியாதவர்களுக்காகச் செல்போனில் ஓர் அரட்டைக் குழு. அங்கே உண்மைப் பெயர் கிடையாது, புனைபெயர்தான். நான் 'அட்மிரல்'. (நீச்சல் தெரியாது. வைப்பின் தீவுக்குப் போகிற படகில் ஏறினால் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிற அட்மிரல்.) ஒவ்வொரு பகுதி வந்ததும் பெரிய ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிப் போடுவேன். எல்லோரும் அதை மரியாதையோடு படிக்காமல் விட்டுவிடுவார்கள்.

படித்த ஒரே ஆள் 'பிளாக்ஹோல்'. படித்து, வரிவரியாகக் கிழித்துத் தொங்கவிடுகிற ஆள். "அட்மிரல் சார், இந்தப் பகுதியை நீங்க பார்த்தீங்களா, இல்லை யாராவது சொல்லிக் கேட்டீங்களா?" என்று ஒருமுறை எழுதியிருந்தது. துடித்துப்போனேன். இது நிச்சயம் பன்னிரண்டாம் வகுப்புப் பொடியன் என்று முடிவுகட்டி, "தம்பி, முதலில் மீசை முளைக்கட்டும். பிறகு காலப் பயணம் பற்றிப் பேசலாம்" என்று பதில் போட்டேன். குழுவே சிரித்தது. அன்று முழுக்க ஆபீஸில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

குழுவுக்கு ஒரே ஒரு சட்டம். புதுப் பகுதியில் நடந்ததைப் பற்றி ஞாயிறு ராத்திரி வரை யாரும் மூச்சுவிடக் கூடாது.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஆபீஸ் கழிப்பறையில் உட்கார்ந்து புதுப் பகுதியைப் பார்த்தேன். பாதியில் டாக்டர் இலாரா செத்துப்போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மேனேஜர் பதறிப்போய், "யாருக்கு என்னாச்சு?" என்றார். "டாக்டர்..." என்றேன். நல்ல மனிதர், அரை நாள் லீவு கொடுத்து அனுப்பிவிட்டார். மீதியைப் படகில் பார்த்தேன். கடைசிக் காட்சியில் இலாரா கண்ணைத் திறந்தாள். நான் போட்ட கூச்சலில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார்.

இவ்வளவு பெரிய விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் ஒரு ராத்திரி முழுக்க வயிற்றில் வைத்திருந்தவன்தான் மறுநாள் காலை பெண் பார்க்கப் போனான்.

பெண் வீடு சுள்ளிக்கல்லில். எங்களைப் போலவே தமிழ் பேசுகிற, இங்கேயே வேர்விட்ட குடும்பம். பெண் பெயர் தீபா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அம்மா லலிதா, கார்ப்பரேஷனில் வேலை. என் அம்மா அலைந்து திரிந்து பிடித்த இடம் இது. போட்டோவைப் பார்த்ததிலிருந்து நானும் கொஞ்சம் கவிழ்ந்துதான் கிடந்தேன். போட்டோவில் அவள் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

ஆட்டோவில் அம்மா படித்துப் படித்துச் சொன்னாள். "அங்க போய் ஹார்பர், ராக்கெட்டுன்னு ஆரம்பிக்காதே. வாயைத் திறக்காம இருந்தாலே உன்னை எல்லாருக்கும் பிடிக்கும்."

எங்கேயும் முன்னதாகப் போய்விட வேண்டும் என்பது அப்பாவின் கொள்கை. அரை மணி நேரம் முன்னதாகப் போய் மணியடித்தோம். லலிதா அம்மா கலைந்த தலையோடு ஓடிவந்து கதவைத் திறந்தார். கூடத்தில் தீபாவின் அப்பா சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு எழுந்து கும்பிட்டார். சுவரில் டிவி. பாதியில் நிறுத்தி வைத்திருந்த படத்தில், சிவப்புக் கதவின் பிடியில் கைவைத்தபடி டாக்டர் இலாரா.

லலிதா அம்மா ரிமோட்டைத் தேடினார். கிடைக்கவில்லை. இலாராவை அப்படியே விட்டுவிட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார். வழி கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்ததா என்றார்கள். இல்லை என்றோம். மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினோம். நான் டிவியையே பார்த்துக்கொண்டிருந்ததைத் தீபாவின் அப்பா கவனித்துவிட்டார்.

"தம்பி டிவியொக்கே பார்க்கிறதுண்டோ?"

நியூஸ் மட்டும் என்று சொல்லியிருந்தால் இன்று இந்தக் கட்டுரையே இல்லை.

"இது ஹார்பர் நைன் அங்கிள்! நேத்து வந்த பகுதி. இந்தக் கதவைத் திறக்கிறதுதான் இவங்க செய்யற கடைசிக் காரியம். இன்னும் ரெண்டு நிமிஷத்துல செத்துடுவாங்க. நான் ஆபீஸ்லயே அழுதுட்டேன்!"

நிமிர்ந்தால், சமையலறை வாசலில் சாயாத் தட்டோடு தீபா. சினிமாவாக இருந்தால் தட்டு கீழே விழுந்திருக்கும். கணக்கு டீச்சர் ஆனதால் மேஜையில் பத்திரமாக வைத்துவிட்டுக் கேட்டாள்: "யாரு சாகிறது?"

லலிதா அம்மாதான் மெதுவாக வாயைத் திறந்தார்.

"ஞாயிறு ராத்திரி வரைக்கும் மிண்டக் கூடாதுன்னு ஒரு சட்டம் உண்டு தம்பி."

"அந்தச் சட்டம் உங்களுக்கு எப்படித் தெரியும் ஆன்ட்டி?"

"அதைப் போட்டதே நான்தான். அட்மின். குழுவில உங்க பேரு என்ன?"

இந்த இடத்திலாவது பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் என் எழுத்துக்கு ஒரு வாசகி கிடைத்துவிட்டார் என்கிற பரவசம் கண்ணை மறைத்தது. "அட்மிரல்" என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து.

லலிதா அம்மா கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார்.

"எனக்கு இன்னும் மீசை முளைக்கலை தம்பி."

"மீசையா?" என்றாள் என் அம்மா.

பாவம் தீபாவின் அப்பா, என்ன நடக்கிறதென்றே புரியாமல், நிலைமையைச் சமாளிக்கிற எண்ணத்தில், "பிள்ளைங்க ரெண்டு பேரும் கொஞ்சம் தனியா பேசட்டுமே" என்றார்.

பின்பக்கம், வாஷிங் மெஷினும் துணிக் கொடியும் இருக்கிற இடத்தில் நின்றோம். தீபாவின் கண் கலங்கியிருந்தது.

"அம்மாவும் நானும் ஒண்ணாத்தான் பார்க்கிறது. ஞாயித்துக்கிழமைதான் ரெண்டு பேருக்கும் நேரம் கிடைக்கும். நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்னு இருந்தோம். அரை மணிக்கூர் முன்னாடியே வந்துட்டீங்க."

"மன்னிச்சிடுங்க" என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

"கொழப்பமில்லை, போகட்டும். செத்துட்டாங்கன்னு தெரிஞ்சாலும் எப்படின்னு பார்க்கலாமே." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, போட்டோவில் அடக்கி வைத்திருந்த அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் வெளியே விட்டாள். "அழறதுக்கு அதாவது பாக்கி இருக்கே."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் மனம் இளகிவிட்டது. இந்தப் பெண்ணை அழ விடக் கூடாது, வாழ்நாள் முழுக்க விடக் கூடாது என்று தோன்றியது.

"நீங்க அழவே வேண்டாம். கடைசி சீன்ல கண்ணைத் திறந்துடறாங்க" என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. துணிக் கொடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ரெண்டையும் சொல்லியாச்சு. இனி அதுல பார்க்க என்ன இருக்கு?"

யோசித்தேன். "பின்னணி இசை நல்லாயிருக்கும்."

அவள் உள்ளே போய் அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். லலிதா அம்மா செல்போனை எடுத்தார். அடுத்த நொடி என் சட்டைப் பையில் டிங் என்று ஒரு சத்தம். நீங்கள் குழுவிலிருந்து நீக்கப்பட்டுள்ளீர்கள். "சாயா ஆறிப்போகும், குடிங்க" என்றார் அன்பாக. அவ்வளவு சூடான சாயாவை அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை.

திரும்பும்போது அப்பா வருத்தப்பட்டார். "அந்த வீட்டுல யாரோ டாக்டர் தவறிட்டாங்க போல. இப்படிப்பட்ட நேரத்துல நாம போயிருக்கவே கூடாது."

"எல்லாம் உங்க பிள்ளை வாயாலதான் தவறினாங்க" என்றாள் அம்மா.

சாயங்காலமே பெண் வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. "பையன் தங்கமானவன். ஆனா பொண்ணு சொல்றா, அடுத்து என்ன நடக்கும்னு ஆயுசு முழுக்க ஒரு ஆள் பக்கத்துல இருந்து சொல்லிட்டே இருந்தா சரிப்படாதாம்." அப்பா போனை வைத்துவிட்டு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது. அதற்கப்புறம் ரொம்ப நாள் நான் ஹார்பர் நைன் பார்க்கவில்லை. இலாரா பிழைத்து என்ன, செத்து என்ன என்று இருந்தது.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது. சமையல் நிகழ்ச்சியைத் தவிர வேறு எதையும் பார்க்காத பெண். (குழம்பில் கடைசியில் என்ன போடுவார்கள் என்று முன்கூட்டியே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.) ஆனால் எங்கள் குடும்பம் அந்த ஞாயிற்றுக்கிழமையை விடவில்லை. உறவில் எந்த நல்ல செய்தி என்றாலும், "அவன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க" என்ற எச்சரிக்கையோடுதான் ஊர் சுற்றி வரும். அக்கா உண்டாகியிருக்கும் விஷயமே, அவள் வயிறே என்னிடம் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

போன மாதம் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அழைப்பிதழ் அச்சாகி வீட்டுக்கு வந்த அன்று, வரவேற்பவர் என்ற இடத்தில் என் பெயரைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். கோபமாக வந்தது.

"கூடப் பிறந்தவனுக்குக் கல்யாணம். என்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

அம்மா அழைப்பிதழுக்கு மஞ்சள் தடவிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"சொல்லியிருப்பேன்டா. ஆனா நாங்க போய்ப் பேசறதுக்குள்ள நீ பொண்ணு வீட்டுக்குச் சொல்லிடுவியே."