கனகலதா பாடிய நாளில் நான் திருப்பிய கால் சுற்று

திருவண்ணாமலை,
11-3-1984, ஞாயிறு.

கீழ்பென்னாத்தூர் மரியாதைக்குரிய மூத்த மைத்துனர் குணபாலன் அவர்களுக்கு, தங்கள் தங்கை சுனந்தாவின் கணவன் பார்சுவநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

அருகன் அருளால் இங்கு நான் நலம். அங்கு தாங்களும் அக்காவும் கனகலதாவும், பதினான்கு நாட்களாகத் தங்கள் வீட்டில் இருக்கும் சுனந்தாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் நலம் என்று எழுதியது, கடிதத்தில் அப்படித்தான் எழுத வேண்டும் என்பதால்.

சுனந்தா தங்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். இருந்தாலும் என் தரப்பையும் தாங்கள் கேட்க வேண்டும். இதெல்லாம் ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் இருந்த ஒரு ஜெர்மன்காரரால் வந்தது. ஊருக்குத் திரும்பும்போது, தூக்க முடியாத இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்த பெட்டிகளைச் சும்மா வைத்திருக்க முடியுமா? அவற்றைப் பாட வைக்க ஆம்ப்ளிஃபையர் வேண்டும். கடையில் வாங்குவதற்குப் பதில் நாமே செய்தால் என்ன என்று தோன்றியது. வால்வு கிடையாது, எல்லாம் டிரான்சிஸ்டர், படம் பார்த்து ஒட்டினால் தீர்ந்தது என்று ஒரு பத்திரிகையில் போட்டிருந்தான். ரிஜிஸ்தர் ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் பத்திரம் பார்த்து எழுதுகிறவனுக்கு ஒரு படம் பார்த்து ஒட்ட வராதா என்று நினைத்தேன்.

முதல் தடவை சுவிட்சைப் போட்டபோது ஒரு கண்டென்சர் வெடித்தது. கூட்டல் கழித்தலை மாற்றி வைத்துவிட்டேன், அவ்வளவுதான். அதற்குள் இருந்த காகிதம் பொடிப்பொடியாகக் கூடம் முழுக்கப் பறந்து சாப்பாட்டின் மேல் இறங்கியது. "என்னங்க இது, தயிர்ல பஞ்சு மாதிரி மெதக்குது?" என்று கேட்டாளே தவிர, அன்று அவள் கோபிக்கவில்லை. பிறகு, டிரான்சிஸ்டர் சூடாகாமல் இருக்க அலுமினியத் தகட்டில் பொருத்த வேண்டும் என்றார்கள். கடைத்தெரு முழுக்க அலைந்தும் தோதான தகடு கிடைக்கவில்லை. வீட்டில் சோறு வடிக்கும் சிப்பல் தட்டு கண்ணில் பட்டது. அதில்தான் ஏற்கெனவே முப்பது ஓட்டை இருக்கிறதே, இன்னும் நாலு போட்டால் என்ன என்று போட்டேன். "இருந்த ஓட்டை கஞ்சி வடிக்கறதுக்கு. நீங்க போட்ட ஓட்டையில சோறே போயிடுது" என்றாள். அதற்கும் பெரிதாகக் கோபிக்கவில்லை.

அதன் பிறகு 'உம்ம்ம்' என்று ஒரு உறுமல். பாட்டு கம்மி, உறுமல் ஜாஸ்தி. எர்த் சரியில்லை என்று புரிந்து, ஒரு கம்பியை இழுத்துத் தெருக் குழாயில் கட்டினேன். பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "கொழாயில கரண்ட் வுடறாரும்மா இந்த மனுஷன்!" என்று கத்த, வரிசையில் இருந்த குடமெல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. நானே அந்தக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்று காட்டிய பிறகுதான் நம்பினார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் சாப்பாடு. நம் ஜைன வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பது தாங்கள் அறியாததா? ஆபீஸ் விட்டு வந்ததும் உட்காருவேன். "பொழுது எறங்குதுங்க" என்பாள். "ஒரே ஒரு கம்பி" என்பேன். நிமிர்ந்து பார்த்தால் இருட்டியிருக்கும். அந்த மாதிரி ஒரு மாதத்தில் பதினெட்டு நாள் தண்ணீர்கூட இல்லாமல் படுத்தேன். ஒரு விரதத்தின் புண்ணியமும் அதில் சேராது என்று சுனந்தா சொன்னாள். எனக்காகக் காத்திருந்து அவளும் பட்டினி கிடந்தாள். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, மச்சான்.

ஆனால் பிப்ரவரி மாதம் பதினெட்டாம் தேதி, வீட்டு ரேடியோவை அதில் இணைத்ததும் அது பாடியது. உறுமல் இல்லை, இரைச்சல் இல்லை. சுனந்தா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தை மடியில் வைத்தபடி அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "பக்கத்துல உக்காந்து பாடற மாதிரியே இருக்குதுங்க" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதோட விட்டுடுங்க. மூடியப் போட்டு ஸ்க்ரூவ முடுக்கிடுங்க. இனிமே தொடாதீங்க" என்றாள். நானும் சரி என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

அந்த வாரம்தான் தாங்கள் எழுதிய கார்டு வந்தது, கனகலதா ரேடியோவில் பாடப்போகிறாள், ஞாயிறு மதியம் பத்து நிமிஷம் என்று. அண்ணன் மகள் பாட்டு என்று சுனந்தாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "எங்க வூட்டுக்காரர் செஞ்ச பொட்டியில கேளுங்க, அப்புறம் சொல்லுங்க" என்று தெரு முழுக்க அழைத்துவிட்டாள். என்னைப் பற்றி அவள் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று காலை எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் சத்தத்தைக் குறைத்து வைத்தால் ஓரத்தில் ஒரு சின்னக் கரகரப்பு. வேறு யாருக்கும் கேட்காது, எனக்குக் கேட்டது. நம் குழந்தையின் குரல் அந்தக் கரகரப்போடு வரலாமா? உள்ளே ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைக் கால் சுற்று, கால் சுற்றே திருப்பினேன். கரகரப்பு போய்விட்டது. மூடியைப் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக வெளியே வந்துவிட்டேன்.

மதியம் கூடத்தில் முப்பது பேர். அறிவிப்பாளர் "கனகலதா" என்றார். சுனந்தா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். குழந்தை முதல் அடி எடுத்தது, தேன் மாதிரி. இரண்டாவது அடியில் குரல் கிழிந்தது. மூன்றாவதில் பெட்டிக்குள்ளிருந்து புகை. 'தொப்' என்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. ரேடியோவை மட்டும் கேட்கலாம் என்றால், அதன் சொந்த ஸ்பீக்கரை நான் போன மாதமே கழற்றிவிட்டிருந்தேன். ஜோதியம்மாள் தன் வீட்டுக்கு ஓடிப் பூட்டைத் திறந்து, தன் ரேடியோவைப் போட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார். அதில் நிலக்கடலைக்கு ஜிப்சம் எப்போது போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சுனந்தா எல்லோருக்கும் மோர் கொடுத்து அனுப்பினாள். பிறகு, "தொட்டீங்களா?" என்றாள். "கால் சுற்றுதான்" என்றேன். துணிப் பெட்டியை எடுத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸில் அங்கு வந்துவிட்டாள்.

மச்சான், இப்போது ஆம்ப்ளிஃபையரைப் பிரித்துச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இந்தக் கடிதத்துக்கு நடுவிலேயே ஏழு முறை எழுந்து போய், கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் எதையும் திறக்கவில்லை. நாலரை மணிக்கே சாப்பிட்டுவிட்டு வாசலில் நிற்கிறேன், வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டு. இனி ஈயம் ஒட்டும் சால்டரிங் ராடைக் கையால் தொடுவதில்லை என்று தங்களுக்கு எழுத்து மூலம் உறுதி கூறுகிறேன். தாங்கள் நிதானஸ்தர், எதற்கும் பதறாதவர். சுனந்தாவுக்கு நல்லபடியாக எடுத்துச் சொல்லி அனுப்பிவைக்க வேண்டும். கனகலதாவிடம் இந்த மாமா மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும். அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைக்குக் குரலும் புகழும் நாளுக்கு நாள் வளர என் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
பார்சுவநாதன்

பின்குறிப்பு: உறையில் பசை தடவும்போது சுனந்தா வந்து இறங்கினாள். என்னை மன்னித்து வரவில்லையாம். "அங்க மட்டும் என்னா வாழுது? நான் உங்களப் பத்திக் கொற சொல்லச் சொல்ல, எங்க அண்ணன் ஒவ்வொண்ணா நோட்டுல எழுதி வெச்சிக்கினாரு. எத்தினி டிரான்சிஸ்டர், எந்த ஒயரு எங்க போவுதுன்னு கேட்டுக் கேட்டு எழுதனாரு. நேத்து மெட்ராஸ் போயி எல்லாத்தையும் வாங்கியாந்து கூடத்துல பரப்பிட்டாரு. அண்ணி பேசறதில்ல" என்கிறாள். மச்சான், மேலே எழுதிய உறுதிமொழி எதையும் பொருட்படுத்த வேண்டாம். கரண்ட் தகட்டுக்குத் தாவாமல் இருக்க டிரான்சிஸ்டருக்கு அடியில் மைக்காத் தகடு வைத்தீர்களா? வைக்கவில்லை என்றும், சொல்லலாம் என்று பார்த்ததாகவும், அதற்குள் பஸ் வந்துவிட்டதாகவும் சுனந்தா சொல்கிறாள். தயவுசெய்து சுவிட்சைப் போடாதீர்கள். இன்று தபால் எடுக்க மாட்டார்கள் என்பதால் இந்தக் கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன். "ரெண்டு பேரையும் தனியா வுட்டா வூடு தங்காது" என்று இன்னும் திறக்காத துணிப் பெட்டியோடு சுனந்தாவும் வருகிறாள். பரணிலிருந்து இறக்கிய சாக்கின் மறுமுனையை அவள்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.