பேரிக்காயில் விழுந்த பல்லி

பதற்றம் வந்தால் சிலர் ஓடுவார்கள், சிலர் உட்கார்ந்து அழுவார்கள். நான் பொய் சொல்வேன். வெறும் பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. யாரும் கேட்காத விவரங்களையும் சேர்த்துச் சொல்வேன். ஐம்பத்து மூன்று வயதில், சம்பந்தி ஆகப்போகிறவர் எதிரில் உட்கார்ந்து அப்படி ஒன்றைச் சொன்னேன். அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். (சம்பந்தியம்மா பஞ்சாங்கம் தவிர வேறெதுவும் படிப்பதில்லை என்ற தைரியம்தான்.)

எல்லாவற்றுக்கும் காரணம் இரண்டு கிலோ நாட்டுப் பேரிக்காய். மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கி வந்தேன். ஒன்றைக் கடித்துப் பார்த்த என் மனைவி செல்வி, தாடையைத் தடவிக்கொண்டே, இதை மாடுகூடத் திங்காது என்றாள். மறுநாள் மகள் தேன்மொழியின் கல்யாணத் தேதியை எழுத மாப்பிள்ளையின் அப்பா, அம்மா வருவதாக இருந்தது. அவர்களுக்கே இந்தப் பேரிக்காயைப் பரிமாறி, சபாஷ் வாங்கிக் காட்டுகிறேன் என்று சபதம் போட்டேன்.

போனில் ஒரு வீடியோ பார்த்தேன். தோல் சீவிய பழத்தைக் காம்போடு சர்க்கரைப் பாகில் இறக்கி, சின்னத் தீயில் வேகவைக்க வேண்டும். பாகு கம்பிப் பதம் வரக் கூடாது, தண்ணீராகவே இருக்க வேண்டும். பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் மூட்டை கட்டி உள்ளே போட வேண்டும். வீடியோவில் பழம் தகதகவென்று சிவந்திருந்தது.

மறுநாள் காலை கிராம்பைக் கொட்டி வைக்க, ஜன்னலில் கைக்கு அகப்பட்ட துண்டுச் சீட்டை எடுத்துக்கொண்டேன். மூட்டைக்குப் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்தேன். கட்டுவதற்கு நூல்? அதே ஜன்னலில் ஒரு பட்டு நூல் கண்டு இருந்தது. நல்ல அரக்குச் சிவப்பு. அதிலிருந்து ஒரு பிடி இழையை இழுத்து மூட்டையை இறுக்கிக் கட்டி, பாகில் போட்டு மூடினேன். எங்கள் வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. முப்பது வருடமாகப் பட்டோடு புழங்குகிறவன் நான். ஆனால் அன்று காலை நான் நெசவாளி இல்லை, சமையல் மேதை.

ஒரு மணி நேரம் கழித்து விளக்குமாற்றுக் குச்சியால் (புதுசுதான்) குத்திப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது. பழமெல்லாம் செக்கச்செவேல். வெறும் பட்டையும் கிராம்புமா இந்த நிறத்தைக் கொடுத்தது என்று எனக்கே மெய்சிலிர்த்தது.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஏகாம்பரம் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறைக்காரர். சாயம் நீலமா பச்சையா என்பதை அவருடைய நகக்கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவர் மனைவி கமலா, மஞ்சள் தடவிய காகிதத்தையும் பஞ்சாங்கத்தையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் கண்ணாடிக் கிண்ணங்களில் பழத்தை வைத்துப் பாகை ஊற்றி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்து பரிமாறினேன். கமலா ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக் கண்ணை மூடினார். நல்லா இருக்குதே என்றார். செல்வியை ஒரு பார்வை பார்த்தேன்.

அப்போதுதான் ஏகாம்பரம், காலையில் அனுப்பிய முகூர்த்தப் புடவை சாம்பிள் நூலைப் பார்த்தாயிற்றா என்று கேட்டார். முப்பது வருடத்தில் தன் சாயம் ஒரு இழை கூடப் போனதில்லை என்றும் சொல்லிக்கொண்டார். தேன்மொழி ஜன்னலில் இருந்த கண்டை எடுத்து வந்து கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நூலும் பேரிக்காயும் ஒரே நிறம்.

உண்மையைச் சொன்னால், உங்கள் சாயம் போகிறது என்று சாயக்காரர் முகத்திலேயே சொன்னதாகும். சொல்லாவிட்டால் அவர் மனைவி சாயத்தைச் சாப்பிடுவார். இரண்டாவது ஸ்பூன் வாய்க்குப் பக்கத்தில் போய்விட்டது.

"சாப்பிடாதீங்கம்மா, அதுல பல்லி விழுந்துச்சு" என்றேன்.

ஸ்பூன் கீழே விழுந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பல்லி செத்ததா, பிழைத்ததா என்று அந்த அம்மா கேட்க, எழுந்து போய்விட்டது என்றேன். வால் துடித்துக்கொண்டிருந்தது என்றேன். தெற்குப் பக்கமாக ஓடியது என்றேன். தெற்கை யார் கேட்டார்கள்?

கமலா மஞ்சள் காகிதத்தை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தார். "நல்ல காரியம் பேசிக்கினு இருக்கும்போது பல்லி விழுந்து, அதுவும் தெற்கே போயிருக்குது. இன்னிக்குத் தேதி வேணாம்" என்றார்.

தேன்மொழியின் முகம் வெளிறியது. செல்வி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கல்லே வெந்திருக்கும். இரண்டு கிலோ பேரிக்காயால் பெண்ணின் கல்யாணத்தையே கெடுத்துவிட்டேனே என்று எனக்கு வேர்த்துக் கொட்டியது.

ஏகாம்பரம்தான் எழுந்தார். "காஞ்சிபுரத்துல இருந்துக்கினு பல்லிக்கு யாராவது பயப்படுவாங்களா? வா, தொட்டுட்டு வந்துடலாம்."

எல்லோரும் அவர் காரில் ஏறி, தங்கப் பல்லியைத் தொட்டு தோஷம் கழிக்கப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். வழியில் கமலா ஒருமுறை கொட்டாவி விட்டார். விஷம் ஏறுகிறது என்று நான் இருக்கை நுனிக்கு வந்துவிட்டேன். அவருக்குத் தூக்கம் வந்ததாம்.

வரிசையில் பெண்கள் முன்னால் நின்றார்கள். ஏகாம்பரம் என் காதருகே குனிந்தார்.

"சம்பந்தி, அந்தப் பல்லி அரக்குக் கலரா?"

வரதன் சன்னதியில் மேற்கொண்டு பொய் சொல்ல எனக்குத் துணிவில்லை. மூட்டை, நூல், ஜன்னல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அது சாயம் போட்டு இன்னும் அலசாத நூல்பா. நனைக்காதீங்கன்னு சீட்டு எழுதி வச்சிருந்தேனே, பாக்கலியா?"

கிராம்பைக் கொட்டிய சீட்டு நினைவுக்கு வந்தது.

வீட்டிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க பொய் சொன்னீங்கன்னு அவளுக்குத் தெரிஞ்சா சம்பந்தமே போயிடும். பல்லின்னா கோயிலோட போயிடும்" என்றார். பிறகு பெண்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

படியேறி எல்லோரும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டோம். நான் இரண்டு முறை தொட்டேன். குளக்கரையில் உட்கார்ந்து கமலா மஞ்சள் காகிதத்தை வெளியே எடுத்தார்.

தேன்மொழி கட்டிய முகூர்த்தப் புடவையின் நிறத்துக்கு ஏகாம்பரத்தின் பட்டறையில் இப்போது 'பல்லி அரக்கு' என்று பெயர். கோயில் பல்லியின் ராசியால் வந்த பெயர் என்று கமலா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரே குறைதான் சொல்வார்.

"அந்தப் பேரிக்காய் இன்னொரு தடவை பண்ணுங்களேன் சம்பந்தி. ஒரு ஸ்பூன்தான் சாப்பிட்டேன், அதுக்குள்ள பல்லி கெடுத்துடுச்சு."

உடனே ஏகாம்பரம் தும்முவார். தேன்மொழி சமையலறைக்கு ஓடுவாள். செல்வி மட்டும் நிதானமாக என்னைப் பார்த்து, "நூல் எடுத்துக்கினு வரட்டுங்களா?" என்பாள்.